வேடனுக்கு ஏற்ற ஓடம் எது?



மலைநாட்டுப் பாடசாலை ஒன்றின் அதிபர் என்ற முறையில், நான் மாணவரிடம் கேட்கும் கேள்விகளைக் காட்டிலும் மாணவர் என்னிடம் கேட்கும் கேள்விகளே எனக்குப் பெரும் பாடங்களாக அமைந்ததுண்டு. அத்தகைய கேள்வி ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

அண்மையில் ஒரு நாள், பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் தன் தமையனின் கைத்தொலைபேசியில் கண்ட காட்சியொன்றை என்னிடம் விவரித்தான். வட அமெரிக்க ஏரி ஒன்றில், விடியற்காலப் பனிமூட்டத்தின் நடுவே ஒருவன் சிற்றோடம் ஒன்றில் தனியே அமர்ந்து, மடியில் வில்லைக் கிடத்தி, ஓசையின்றித் துடுப்பு வலித்து மான் வேட்டைக்குச் செல்கின்றானாம். இதனைச் சொல்லிவிட்டு, "சேர், அப்படி வேட்டைக்குப் போவதென்றால் எந்த மாதிரி ஓடம் நல்லது? நம்ம காசல்ரீ தண்ணியில் அது ஓடுமா?" என்று கேட்டான். கேள்வியில் குறும்பு இல்லை. உண்மையான ஆவலே இருந்தது. ஆதலால் நானும் அதனைத் தள்ளிவிடாது, "ஒரு வாரம் பொறு தம்பி, படித்துவிட்டுச் சொல்கின்றேன்" என்றேன். படிக்கப் புகுந்தபோதுதான், ஓடம் என்னும் அந்தச் சிறு பொருளுக்குள் மலைநாட்டின் வரலாறே அடங்கிக் கிடப்பதைக் கண்டேன்.

வில்லையும் ஓடத்தையும் ஒருங்கே நினைக்கும் தமிழர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவன் குகனே. கங்கைக் கரையில் சிருங்கிபேரம் என்னும் இடத்திலே வாழ்ந்த வேடர் தலைவன் அவன். கம்பர் அவனை ஆயிரம் ஓடங்களுக்கு உரியவனாகவும், வில்லேந்திய வேட்டுவப் படைக்குத் தலைவனாகவும் நமக்குக் காட்டுகின்றார். வேட்டையாடிய கையே துடுப்பும் பிடித்தது. ஆயினும் ஒன்றனை நாம் கவனித்தல் வேண்டும். குகனின் ஓடம் இராமகாதையில் எந்த உயிரையும் துரத்திச் சென்றதில்லை. அது மனிதரைக் கரை சேர்த்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பேச்சின் இறுதியில் அதற்கு மீண்டும் வருவேன்.

நிற்க. ஓடத்திலிருந்து வேட்டையாடுவோன் தன் ஓடத்திடம் எதிர்பார்ப்பவை நான்கு. முதலாவது நிலைப்பு: வில்லை வளைக்கும்போது ஓடம் சாய்தல் ஆகாது. இரண்டாவது ஓசையின்மை: விலங்கின் செவி மனிதனுடைய செவியினும் கூர்மையானது. மூன்றாவது இலேசு: கரையிலிருந்து நீருக்கும், ஒரு நீரிலிருந்து மற்றொரு நீருக்கும் தோளில் சுமக்க வேண்டி நேரும். நான்காவது பாரம் தாங்கும் ஆற்றல்: போகும்போது ஒருவனாகப் போகின்றவன் வரும்போது ஒரு மானின் எடையையும் ஏற்றி வருவான்.

இந்நான்கும் ஒன்றோடொன்று முரண்படுவன என்பதே இதிலுள்ள சிக்கல். அகலமான ஓடம் நிலையாக நிற்கும். ஆனால் மெல்லச் செல்லும், சுமக்கவும் பாரமாக இருக்கும். நீண்டு ஒடுங்கிய ஓடம் நேராகவும் விரைவாகவும் செல்லும். ஆனால் சிறிது அசைந்தாலும் தள்ளாடும். தட்டையான அடிப்பாகம் அமைதியான நீரில் உறுதியாய்த் தோன்றினாலும் அலை பக்கவாட்டில் மோதும்போது திடீரெனக் கவிழ்த்துவிடும். உருண்ட அடிப்பாகம் ஏறிய கணத்தில் அச்சமூட்டினாலும் அலையோடு இசைந்து ஆடிப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே எல்லா நீருக்கும் ஏற்ற ஓடம் என ஒன்று உலகில் இல்லை. அந்தந்த நீரும், அந்தந்தக் கருவியும், அந்தந்த மக்களின் பசியுமே ஓடத்தின் உருவை வகுத்தன.

இன்று விளையாட்டுக் கடைகளில் விற்கப்படும் கயாக், கனூ என்னும் இரண்டும் பிறப்பால் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. வேட்டைக்காரர் உயிர்வாழச் செய்துகொண்ட கருவிகள். கயாக் என்பது வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிற் மக்களின் படைப்பு. மரம் வளராத அந்நாட்டில், கடல் கொணர்ந்து ஒதுக்கிய மரத்துண்டுகளையும் எலும்புகளையும் கட்டிச் சட்டம் அமைத்து, அதன்மீது கடல்நாயின் தோலைத் தைத்துப் போர்த்தினர். ஓடத்தின் மேற்புறமும் மூடப்பட்டது. ஒருவன் இடுப்பளவு நுழையும் துவாரம் மட்டுமே திறந்திருந்தது. அதனைச் செய்வோன் தன் உடலையே அளவுகோலாகக் கொண்டு அளந்து செய்தான். பனிக்கடலின் நீர் உள்ளே புகுந்தால் சாவு. ஆதலின் மூடிய ஓடம் அவனுக்கு ஓடம் மட்டுமன்று, சட்டையும் ஆயிற்று. கடலில் எறியீட்டியும், உள்நாட்டு நீர்நிலைகளை நீந்திக் கடக்கும் கலைமான் கூட்டங்களின்மீது ஈட்டியும் அவர்களுக்குப் பயன்பட்டன.

கனூ என்னும் சொல் கரிபியன் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக உலகுக்குச் சென்றது. மேற்புறம் திறந்த ஓடம் அது. வட அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்தோர் பேர்ச் மரத்தின் பட்டையை உரித்து, மெல்லிய மரவிலாக்களின்மேல் போர்த்து, வேர்களால் தைத்து, பிசினால் அடைத்து அதனைச் செய்தனர். ஏரியும் ஆறும் மாறி மாறி வரும் அந்நாட்டில், அருவி குறுக்கிடும் இடத்தில் ஓடத்தைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே நடந்து அடுத்த நீரில் இறங்குவர். கிழிந்தால் அடுத்த மரத்திலேயே ஒட்டுப்போடப் பட்டை கிடைக்கும்.

இவ்விரண்டில் வில்லாளிக்கு எது பொருந்தும்? வில் எய்வதற்கு முன்னேயும் பக்கத்திலும் வெற்றிடம் வேண்டும். ஆளுயர வில்லைக் கயாக்கினுள் தாழ அமர்ந்து வளைத்தால், வில்லின் கீழ்முனை ஓடத்தின் மேற்பலகையில் இடிக்கும். வில்லை வளைக்கும் வேளையில் இரு கைகளும் துடுப்பை விட்டுவிடுதலும் தவிர்க்க முடியாதது. ஓடம் தன்போக்கில் திரும்பும். அலாஸ்காவின் கோடியாக் தீவு மக்கள் இச்சிக்கலுக்கு ஓர் அழகிய விடை கண்டனர். இருவர் அமரும் கயாக்கில், முன்னே இருப்பவன் வில்லெடுத்துக் கடல் நீர்நாயை எய்வான். பின்னே இருப்பவன் துடுப்பால் ஓடத்தை அசையாது நிறுத்துவான். அங்கே பாதி வேட்டை துடுப்புக்காரனுடையது. தனியே செல்வோனுக்கோ திறந்த கனூவே நன்று. அதிலும் அலுமினியத் தகட்டால் ஆனது சிறு கல்லில் உராய்ந்தாலும் பாத்திரம்போல் ஒலிக்கும். மரமோ பிளாஸ்டிக்கோ ஒலியை விழுங்கிவிடும். இக்காலத்துக் கப்பி வைத்த வில்கள் குட்டையானவை. ஆதலின் மேற்புறம் திறந்த அகலமான புதுவகைக் கயாக்குகளிலும் அமர்ந்து எய்ய முடிகின்றது. இருந்தபோதிலும், அறிந்த வேட்டைக்காரர் பலர் ஓடத்தைப் பயணத்துக்கு மட்டுமே கொண்டு, கரையேறிய பின்னரே நாணேற்றுவர்.

இனி நம் நாட்டுக் கலங்களைப் பார்ப்போம். தமிழின் கட்டுமரம் என்ற சொல்லே ஆங்கிலத்தில் உருமாறி இன்று உலகமெங்கும் வழங்குகின்றது. மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய அது மூழ்காது; ஆனால் அலை அதன்மேல் ஏறி இறங்கும், நனையாத நாணை அதில் வைத்திருத்தல் இயலாது. சிங்கள மீனவர் ஒருவ என்று வழங்கும் ஓடம், குடைந்த மரத்தின் ஒருபுறத்தே இரு வளைகழிகளால் மிதவைக்கட்டை பூட்டப்பட்டது. ஒடுங்கிய உடலுக்கு அம்மிதவை நிலைப்பைத் தந்தது. காவிரியில் ஒகேனக்கல் பக்கத்தே ஓடும் பரிசல் மூங்கிலால் முடைந்த வட்டக் கூடை. முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தப்படுவது. பாறை நிறைந்த ஆற்றில் அது வழுக்கிச் செல்லும், ஒருவனே தூக்கிச் செல்லவும் ஆகும். ஆனால் வட்டமான பரிசல் ஓயாது சுழலும். சுழலும் கூடையில் நின்று எவன் குறிபார்ப்பான்?

இத்தனை வகை ஓடங்கள் சூழ்ந்த இத்தீவின் நடுவே, நம் மலைநாட்டில் மட்டும் வேட்டைக்கென ஓர் ஓடம் தோன்றவில்லை. ஏன்? வேடன் இல்லாமையாலா? அன்று.

களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் கிடைத்த எலும்புக் கூர்முனைகளை ஆராய்ந்தோர், அவற்றுட் பழையன ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், அவை அம்புமுனைகளாகப் பயன்பட்டவை என்றும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் வழங்கியமைக்கு அறியப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. மலைநாட்டின் மேற்கு வாயிலாகிய கித்துல்கலையிலும் பெலிலென என்னும் குகை உண்டு. கலாநிதி சிரான் தெரணியகல அகழ்ந்த அக்குகையிலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேட்டுவர் வாழ்ந்தனர். சிறு கற்கருவிகளை விட்டுச் சென்றனர். மழைக்காட்டு மரங்களில் தாவும் குரங்கும் மலையணிலும் இத்தகைய வேட்டுவரின் முதன்மை இரை. மரக்கிளையில் இருக்கும் குரங்கை வீழ்த்த ஓடம் எதற்கு?

வேடன் இருந்தான், வில் இருந்தது. ஓடும் நீரும் இருந்தது. ஆனால் அது ஓடத்தை ஏற்கும் நீராக இருக்கவில்லை. சிவனொளிபாதமலைச் சாரலிலும் அதனை அடுத்த மலைகளிலும் பிறக்கும் மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே ஒன்றுகூடியே களனி கங்கை ஆகின்றன. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து, பாறைக்குப் பாறை தாவி, குறுகிய தூரத்திலேயே அவை கீழே விழுகின்றன. இன்று கித்துல்கலையில் உல்லாசப் பயணிகள் காற்றடைத்த இரப்பர் மிதவைகளிலும் கயாக்குகளிலும் தலைக்கவசம் அணிந்து அந்நீரில் இறங்குகின்றனர். அது வேகத்தின் இன்பம். வேட்டைக்கு வேண்டியதோ அமைதி. களனி சமவெளியை அடைந்த பின்னரே, ஓலைக் கூரையிட்ட தட்டையான சரக்குப் படகுகள் அதில் ஓடின. மகாவலியின் கதையும் இதுவே. பேராதனையில் 1830களில் முதிரை மரத்தால் பாலம் கட்டப்படும் வரையில் ஆற்றைக் கடக்க ஓடமே துணை. அங்கும் ஓடம் கடப்பதற்கே இருந்தது, துரத்துவதற்கு அன்று.

காலால் நடந்து வில்லால் வேட்டையாடியோர் வேடர். 1681இல் தம் நூலை வெளியிட்ட றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் பல்லாண்டு சிறைப்பட்டிருந்தவர். வேடரைப் பற்றி வியப்பான செய்தியொன்றைத் தருகின்றார். அம்புமுனை தேவைப்படும்போது அவர்கள் இரவில் வந்து, கொல்லனின் பட்டறையில் இறைச்சியையும், வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் அவ்வடிவில் முனையைச் செய்து வைத்தால், மீண்டும் இறைச்சி வரும். முகம் பாராமலே நடந்த இந்த வாணிகத்தில், எத்தனை அம்பு வேண்டும் என்பதை வேடனின் தேவையே வரையறுத்தது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது, அவர்தம் பழைய வேட்டைக்காடுகள் வேலிக்குள் சென்றன. வில்லையே வாழ்வாகக் கொண்ட மக்கள் வில்லை இழந்த வரலாற்றை, வில்லை விளையாட்டாகக் கருதும் நாம் மறத்தல் தகாது.

நம் முன்னோரின் நிலை இதற்கு மறுதலையானது. 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தோன்றிய பின்னர், தமிழகத்தின் ஆற்றங்கரை ஊர்களிலிருந்தும் வானம் பார்த்த ஊர்களிலிருந்தும் புறப்பட்ட அவர்கள், தோணிகளில் நெருக்கியடித்துக் கடலைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பரிசலும் தோணியும் அறிந்த மக்கள் மலையேறிய பின் ஓடத்தை மறந்தனர். அவர்தம் பேரர் கொழுந்துக் கூடையைச் சுமந்தனர், துடுப்பைப் பிடித்ததில்லை.

அக்காலத்து மலைநாட்டில் வேட்டை எவருடையதாக இருந்தது? மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்படுகின்றது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொல்வதைப் பெருமையாகக் கருதினார். மரை என்பது தமிழகத்தார் கடமான் என்று கூறும் பெரிய மான். நாய்கள் துரத்தும்போது அது நீரை நாடி ஓடும். மடுவில் இறங்கிக் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நிற்கும். வட அமெரிக்கன் ஓடத்தில் சென்று நெருங்கும் இடத்தில், பேக்கர் குளிர்ந்த மலையாற்றில் இறங்கியே நெருங்கினார். ஓடம் செல்லாத நீர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

துரைக்கு வேட்டை பொழுதுபோக்கு. தொழிலாளிக்கோ துப்பாக்கியும் இல்லை, குதிரையும் இல்லை, ஓய்வும் இல்லை. அவன் கைக்கு எட்டியது கம்பிச் சுருக்கு ஒன்றே.

இதனை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. 1974ஆம் ஆண்டளவில் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. அரிசியும் மாவும் அரிதாயின. பட்டினியால் மக்கள் மடிந்தனர். எனக்கு அப்போது வயது ஏழு. எங்கள் லயத்தில் வாழ்ந்த உறவினர் ஒருவர், காட்டுப்பன்றி வரும் தடத்தில் சுருக்கு வைத்தார். ஓர் இரவு முழுவதும் காட்டோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. விடிந்தபின் சென்று பார்த்தால், சிக்கியிருந்தது பன்றியன்று, ஒரு மரைக்கன்று. கம்பி அதன் வயிற்றை அறுத்திருந்தது. சற்று அப்பால் தாய்மரை நின்றது. எங்களைக் கண்டும் ஓடவில்லை. அன்று லயத்தில் அனைவரும் உண்டனர்; நானும் உண்டேன். ஐந்து பிள்ளைகளின் பசியைப் போக்க எண்ணிய அந்த மனிதரைக் கொடியவர் என்று சொல்ல இன்றும் என் நா எழவில்லை. ஆனால் அக்குரல் இன்றும் என் செவியை விட்டு அகலவில்லை.

வில்லுக்கும் சுருக்குக்கும் உள்ள வேறுபாட்டை அன்று எனக்கு எடுத்துரைப்பார் இல்லை. வில்லாளி இரையை நெருங்கிக் கண்ணால் காண்கின்றான். இது ஆணா, பெண்ணா, சினையா, குட்டியா என்று பார்க்கின்றான். வேண்டாம் என்று நாணைத் தளர்த்தவும் அவனால் முடியும். சுருக்குக்குக் கண் இல்லை. வைத்தவன் வீட்டில் உறங்குகின்றான். வந்தது எதுவாயினும் கம்பி இறுகும்.

அளவற்ற வேட்டையின் விளைவை முதலில் உணர்ந்தவர்களும் வேட்டைக்காரர்களே என்பது வரலாற்றின் விந்தை. 1894ஆம் ஆண்டில், தோட்டத் துரைமார் உள்ளிட்ட வேட்டைக்காரர் சிலர் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். இன்றைய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதன் வழிவந்ததே. 1937இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பேக்கர் காலத்து வேட்டைக்காடுகளை அடுத்த ஹோட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. மரையும் சிறுத்தையும் இன்று சட்டத்தின் காவலில் உள்ளன.

இவ்வாறு வேட்டையின் காலம் முடிவுக்கு வந்த வேளையிலேதான், மலைநாட்டில் ஓடம் செல்லத்தக்க நீர் தோன்றியது. மலையருவிகளின் வலிமையை மின்சாரமாக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918இலேயே எடுத்துக்காட்டினார். அக்கனவு படிப்படியாக நனவாகி, 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் உருவாயின. துள்ளி விழுந்த ஓயாக்கள் அணைக்குப் பின்னே அடங்கி ஏரிகளாயின. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. கோடையில் நீர் வற்றும்போது, அந்நகரின் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. தம் பாட்டனார் வாழ்ந்த கடைத்தெரு இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டப் பெரியோர் அங்கு அழைத்துச் செல்கின்றனர்.

ஒரு வாரம் கழிந்து அம்மாணவன் வந்தான். படித்தவற்றையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். "தம்பி, உன் கேள்விக்கு நேரான விடை இதுதான்," என்றேன். "காசல்ரீ போன்ற அகன்ற நீரில், பிற்பகலில் மலைக்காற்று திடீரென இறங்கி அலை எழுப்பும். அங்கே ஒடுங்கிய கயாக்கைக் காட்டிலும் அகலமான, மேற்புறம் திறந்த, பிளாஸ்டிக்கால் ஆன ஓடமே புதியவனுக்கு நன்று. பாரத்தை நடுவிலும் தாழ்வாகவும் வைக்க வேண்டும். எழுந்து நிற்றல் ஆகாது. உயிர்காப்பு அங்கி அணியாமல், உரியோரின் அனுமதி பெறாமல், தனியே இறங்குதல் கூடவே கூடாது. இந்த நீர் குளிர்ந்தது, ஆழமானது. நீரின் அடியில் பழைய மரங்களும் சுவர்களும் நிற்கின்றன. நன்றாக நீந்துவோரும் இங்கே மாண்டிருக்கின்றனர். ஆனால் அவ்வோடத்தில் வில்லுக்கு இடமில்லை. கரையில் நீ காணக்கூடிய மரையும் சிறுத்தையும் உன்னுடையவை அல்ல, நாட்டுக்கு உரியவை."

அவன் சிறிது நேரம் மௌனமாக நின்றான். பிறகு, "சேர், சிறுத்தை நம்ம தோட்டத்துக்கே வருதே?" என்றான். அப்போதுதான் 2020ஆம் ஆண்டு மே மாதத்து நிகழ்ச்சியை அவனுக்கு நினைவூட்டினேன். நல்லதண்ணிப் பக்கத்தே மரக்கறித் தோட்டமொன்றில் வைத்த கம்பிச் சுருக்கில், காண்பதற்கரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தனர். சில நாட்களில் அது இறந்தது. பன்றிக்கு வைத்த கம்பி, மலைநாட்டின் அரிய உயிரொன்றைக் கொண்டுபோயிற்று. "சுருக்கு வைத்தவர் சிறுத்தையைக் கொல்ல நினைக்கவில்லை. ஆனால் கம்பிக்கு அது தெரியாது, தம்பி," என்றேன். மரைக்கன்றின் கதையையும், அந்த இறைச்சியை நானும் உண்டதையும் அவனிடம் மறைக்கவில்லை.

சில நாட்கள் சென்றன. ஒரு காலை, காலைக் கூட்டம் முடிந்து அறைக்குத் திரும்பியபோது, அம்மாணவன் வாயிலில் நின்றான். கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய பொதி ஒன்று. பிரித்துப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பிகள் நான்கு. ஒவ்வொன்றின் முனையிலும் கண்ணி முடிச்சு. "எங்க மரக்கறித் தோட்டத்துக்குப் பின்னால இருந்தது, சேர்," என்றான். வைத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முடிச்சுகளை இருவருமாக அவிழ்த்தோம். கம்பி கையை அறுக்கும் அளவுக்கு இறுகியிருந்தது. அவிழ்க்க நெடுநேரம் ஆயிற்று.

பன்றி பயிரை அழிப்பதும் உண்மை; அந்த வீட்டின் வருவாய் போதாமையும் உண்மை. அக்கம்பிகளை அவன் என்னிடம் கொண்டுவந்ததால் அந்த வீட்டின் குறை தீர்ந்துவிடவில்லை. அதனால், அத்தோட்டத்தைச் சுற்றி உறுதியான வேலி அமைக்க வழி காணும்படி பெற்றோர் சங்கக் கூட்டத்தில் பேசினேன். அரும்பொருளைக் காக்கும் சுமை முழுவதையும் வறியவர் தோளிலேயே ஏற்றிவிடுவது நீதியாகாது. இதனைத் தோட்ட நிருவாகங்களும், அரசும், சிறுத்தையைக் காண வரும் பயணிகளும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நேயர்களே, வேடனுக்கு ஏற்ற ஓடம் எது என்ற கேள்வியோடு தொடங்கினோம். பனிக்கடலில் அது தோலால் ஆயிற்று. பேர்ச் மரக்காட்டில் பட்டையால் ஆயிற்று. காவிரியில் மூங்கிலால் ஆயிற்று. நம் மலையில் நெடுங்காலம் ஓடமே தேவைப்படவில்லை. இன்று நீர் வந்துவிட்டது. நீர்த்தேக்கத்தின் அக்கரைத் தோட்டங்களில் வாழ்வோர் மருந்துக்கும் படிப்புக்கும் இக்கரையை நாடுகின்றனர். அவர்களுக்குப் பழுதில்லாத படகும், பயிற்சி பெற்ற ஓட்டியும், ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கியும் வேண்டும். வேட்டுவர் தலைவனாகிய குகனும் தன் ஓடத்தை அந்த வேலைக்கே வைத்திருந்தான்.

அந்த நான்கு கம்பிகளும் இன்று எங்கள் பாடசாலைத் தோட்டத்தில் அவரைக்கொடி படரப் பந்தலாகக் கட்டப்பட்டுள்ளன. கொடி இப்போது பூத்திருக்கின்றது.